எல்.பி.என். படிப்புக்கான செலவு: இந்தியாவில் பட்டம் பெற்றவருக்கு உதவித்தொகை கிடைக்குமா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் எடிசனுக்கு அருகில் பதின்மூன்று ஆண்டுகளாக வசித்து வருகிறோம். இத்தனை ஆண்டுகளும், வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான ஹெச்-4 விசாவில் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சென்ற ஆண்டுதான் கிரீன் கார்டு வந்தது. ஊரில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். திருமணத்திற்குப் பிறகு எந்த வேலைக்கும் போனதில்லை.

எங்கள் குடியிருப்பில் இருந்த ஒரு தமிழ்ப் பாட்டி இடுப்பெலும்பு முறிந்து மறுவாழ்வு இல்லத்தில் ஆறு வாரம் இருந்தபோது, அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்வதற்காக நான் அநேகமாகத் தினமும் போய்வந்தேன். அங்கே மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, சர்க்கரை அளவு பார்ப்பது என்று பாட்டியை அன்றாடம் கவனித்துக்கொண்டவர்களில் பலர் எல்.பி.என். எனப்படும் செவிலியர்கள் என்பதும், அதற்கான படிப்பு ஏறக்குறைய ஓராண்டுதான் என்பதும் அப்போதுதான் தெரிந்தன. அந்த வேலைக்கே போக வேண்டும் என்று மனம் உறுதிப்பட்டுவிட்டது.

நான் விசாரித்த பள்ளியில் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் சேர்த்து 18,000 டாலர் ஆகும் என்கிறார்கள். வகுப்பு ஜனவரியில் தொடங்குகிறது. இடத்தை உறுதிசெய்ய இந்த மாத இறுதிக்குள் 500 டாலர் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். நான்கு மாதங்களுக்கு முன் என் கணவருக்கு வேலை போய்விட்டது. இப்போது அவருக்கு வரும் வேலையிழப்புக் காப்பீட்டுத் தொகையிலும் சேமிப்பிலும்தான் வீடு நடக்கிறது, இரண்டு பிள்ளைகளும் பள்ளியில் படிக்கிறார்கள். கடன் வாங்காமல், அல்லது குறைவாக வாங்கி, இந்தப் படிப்பை முடிக்க வழி உண்டா? திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை எனக்குக் கிடைக்குமா? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

காவிரிநாடன் எழுதியது:

வணக்கம் சகோதரி. கணவருக்கு வேலை இல்லாத நேரத்திலும் படிக்கத் துணிந்திருக்கிறீர்கள், வாழ்த்துகள்.

முதல் வேலையாக ஃபாஃப்சா விண்ணப்பத்தை நிரப்புங்கள். இது மாணவர் நிதியுதவிக்கான மத்தியக் கல்வித்துறையின் விண்ணப்பம். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது, யாராவது கட்டணம் கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஹெச்-4 விசாவில் இருந்தவரை உங்களுக்கு இதில் தகுதி இருந்திருக்காது. கிரீன் கார்டு வந்துவிட்டதால் இப்போது குடிமக்களைப் போலவே விண்ணப்பிக்கலாம். திருமணமானவர் என்பதால் பெற்றோர் வருமானத்தைக் கேட்கமாட்டார்கள். உங்கள் வருமானமும் கணவரின் வருமானமும்தான் கணக்கில் வரும்.

பெல் கிராண்ட் என்ற நல்கை 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர் வரை கிடைக்கும், அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. என் மைத்துனி பென்சில்வேனியாவில் எல்.பி.என். படித்தபோது அவளுடைய கட்டணத்தில் பெரும்பகுதி இதிலேயே போயிற்று. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். தொழிற்பள்ளிகளில் பெரும்பாலும் செமஸ்டர் கணக்கு இல்லை, வகுப்பில் இருந்த மணிகள்தான் கணக்கு. ஓர் ஆண்டு என்பது குறைந்தது 900 மணி நேரமும் 26 வாரமும் என்று வைத்து, பாதிப் பணத்தைத் தொடக்கத்திலும், 450 மணி நேரத்தை முடித்த பிறகே மீதியையும் கொடுப்பார்கள். மைத்துனிக்கு இடையில் காய்ச்சல் வந்து வகுப்புகள் தவறியதால் இரண்டாம் தவணை தள்ளிப்போனது, அந்தச் சில வாரங்கள் மிகவும் சிரமப்பட்டாள்.

மருதநிலம் எழுதியது:

காவிரிநாடன் அவர்கள் நல்லெண்ணத்துடன் எழுதியிருக்கிறார், பொதுவான விவரங்களும் சரியே. ஆனால் கேள்வி கேட்ட சகோதரியின் நிலையில் ஒரு முக்கியமான செய்தியைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். நான் ஒரு சமுதாயக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் பணிபுரிகிறேன். நம் ஊர்ப் பெண்கள் பலர் இதே இடத்தில் ஏமாற்றமடைவதைப் பார்த்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இத்தகைய ஓராண்டுப் படிப்புக்குப் பெல் கிராண்ட், இதுவரை இளநிலைப் பட்டம் பெறாதவர்களுக்கு மட்டும் உரியது. அந்தப் பட்டம் அமெரிக்காவில்தான் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. வெளிநாட்டில் பெற்ற பட்டமும் பொதுவாகத் தகுதியை நீக்கிவிடும். பட்டம் பெற்று இருபது ஆண்டுகள் ஆகியிருந்தாலும், அதை வைத்து இங்கே ஒரு நாள்கூட வேலை பார்த்திராவிட்டாலும் விதி மாறாது. குறைந்த வருமானமுள்ள மாணவர்களுக்குப் பள்ளி வழியாக 100 முதல் 4,000 டாலர் வரை கொடுக்கப்படும் எஃப்.எஸ்.ஈ.ஓ.ஜி. என்ற துணை நல்கைக்கும் இதே தடை உண்டு.

உங்களுடையது மூன்றாண்டுப் பட்டம் என்பதால் இன்னொரு கேள்வி எழுகிறது. நம் மூன்றாண்டு பி.எஸ்சி.யை, வெளிநாட்டுப் படிப்பை எடைபோடும் சில மதிப்பீட்டு நிறுவனங்கள் அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு ஈடாகவும், சில நிறுவனங்கள் மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பாக மட்டுமே ஈடாகவும் கணிக்கின்றன. உதவித்தொகையைப் பொறுத்தவரை முடிவு எடுப்பது நீங்கள் சேரும் பள்ளியின் நிதியுதவி அலுவலகம்தான். ஆகவே மதிப்பெண் பட்டியலையும் பட்டச் சான்றிதழையும் மதிப்பீட்டு அறிக்கையையும் அவர்களிடம் நேரில் கொடுத்து எழுத்து மூலமாகப் பதில் கேளுங்கள். பட்டத்தை மறைத்து "பன்னிரண்டாம் வகுப்பு மட்டும்" என்று போட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஃபாஃப்சாவில் தவறான தகவல் தந்தால் 20,000 டாலர் வரை அபராதமோ, சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம் என்று அந்தப் படிவத்திலேயே எழுதியிருக்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவிருக்கும் ஒருவர் 7,395 டாலருக்காக எடுக்கக்கூடிய துணிச்சல் அல்ல அது.

இதைப் படித்துவிட்டு ஃபாஃப்சாவே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். பெல் கிடைக்காதவருக்கும் அந்த விண்ணப்பம் தேவைப்படுகிறது, அதற்குக் காரணம் வியோவா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 2014-ஆம் ஆண்டின் தொழிலாளர் பயிற்சிச் சட்டம். உங்கள் நிலையில் நான் மிகவும் நம்புவது இதைத்தான்.

இந்தச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வேலைவாய்ப்பு மையம் இருக்கிறது, நியூஜெர்சியில் அதை ஒன்-ஸ்டாப் மையம் என்பார்கள். வேலை இழந்தவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும், தேவை அதிகமுள்ள தொழில்களில் பயிற்சி பெற அங்கிருந்து பணம் கிடைக்கும். அந்தப் பணம் உங்கள் கைக்கு வராமல் நேராகப் பள்ளிக்கே போகும், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இதில் இளநிலைப் பட்டம் ஒரு தடையே அல்ல. மேலும், கணவரின் வருமானத்தை நம்பி இல்லப் பணிகளைச் செய்துவந்து, அந்த வருமானம் நின்றுபோன நிலையில் வேலை கிடைக்காமல் இருப்பவரை, ஆதரவிழந்த இல்லத்தரசி என்ற வகையில் வேலையிழந்தவராகவே அந்தச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உங்கள் குடும்பத்தின் நிலை அந்த வரையறைக்கு மிக அருகில் இருக்கிறது. இறுதியாகத் தீர்மானிப்பது மையத்தின் ஆலோசகர். ஆனால் நீங்களாக எடுத்துச் சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாமலே போகலாம்.

மற்ற நல்கைகள் கிடைக்காதவர்களுக்கும், கிடைத்தும் போதாதவர்களுக்கும்தான் வியோவாப் பயிற்சிப் பணம் என்பது சட்டத்தின் ஏற்பாடு. ஆகவே ஆலோசகர் முதலில் கேட்பது பெல் கிடைத்ததா என்பதைத்தான். ஃபாஃப்சாவை நிரப்பி, பட்டத்தின் காரணமாகப் பெல் கிடையாது என்று நிதியுதவி அலுவலகம் தரும் தாளை எடுத்துக்கொண்டு போனால், உங்கள் தேவைக்கு அதுவே ஆதாரமாகிவிடும். ஓர் இடத்தில் "இல்லை" என்று சொன்ன தாள் இன்னோர் இடத்தில் கதவைத் திறந்த கதைகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பது மிக முக்கியம். பள்ளியில் சேர்ந்து, பணம் கட்டி, வகுப்பும் தொடங்கிய பிறகு மையத்துக்குப் போனால், ஏற்கெனவே கட்டிய பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். முதலில் மையத்தில் பதிவுசெய்து, ஒப்புதல் கைக்கு வந்த பிறகே சேர்க்கைத் தாளில் கையெழுத்திடுங்கள். அந்தப் பள்ளியும் அந்தப் படிப்பும் மாநிலத்தின் தகுதியுள்ள பயிற்சி நிறுவனங்களின் பட்டியலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆலோசகர் எவ்வளவு விரும்பினாலும் பணம் தர இயலாது. ஒருவருக்கு அதிகபட்சம் எவ்வளவு என்பதை அந்தந்தப் பகுதியின் வாரியமே முடிவு செய்கிறது, எனவே 18,000 டாலரும் அங்கிருந்தே வந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். போக்குவரத்து, குழந்தைப் பராமரிப்பு, சீருடை போன்றவற்றுக்கும் உதவி உண்டா என்று தனியாகக் கேளுங்கள். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு.

மீதித் தொகைக்குக் கடன் தேவைப்பட்டால் மத்திய அரசின் நேரடிக் கடனோடு நின்றுகொள்ளுங்கள், பட்டம் பெற்றவர்களுக்கும் இந்தக் கடன் உண்டு. உங்களைப் போன்று பெற்றோரைச் சாராத மாணவருக்கு முதல் ஆண்டில் 9,500 டாலர் வரை கிடைக்கும். அதில் 3,500 டாலருக்கு மேற்படாத ஒரு பகுதி, படிக்கும் காலத்தில் வட்டியை அரசே ஏற்கும் வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். 2025-26-இல் வட்டி 6.39 விழுக்காடு. படிப்பை முடித்த ஆறு மாதங்களுக்குப் பிறகே தவணை தொடங்கும். அரசு வட்டியை ஏற்கும் அந்தப் பகுதி குடும்பத்தின் தேவையைப் பொறுத்தது. 2025-26 விண்ணப்பத்தில் 2023-ஆம் ஆண்டின் வரிக்கணக்கைத்தான் பார்ப்பார்கள் என்பதால், அப்போது உங்கள் கணவர் நல்ல சம்பளத்தில் இருந்தது உங்களுக்கு எதிராகப் போகும். பணிநீக்கக் கடிதத்தையும் இப்போதைய காப்பீட்டுத் தொகையின் விவரத்தையும் கொடுத்து, வருமானத்தை மறுபரிசீலனை செய்யுமாறு நிதியுதவி அலுவலகத்திடம் கேளுங்கள். அவ்வாறு மாற்றியமைக்கும் அதிகாரம் எங்களுக்கு உண்டு. ஆனால் நாங்களாகத் தேடிவந்து செய்வதில்லை, மாணவர்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக, சில தொழிற்பள்ளிகள் பெல்லை மட்டும் ஏற்றுக்கொண்டு நேரடிக் கடன் திட்டத்தில் சேராமல் இருக்கின்றன. செவிலியர் வாரியத்தின் அனுமதி இருந்தும் மத்திய உதவி எதிலும் சேராத தனியார் பள்ளிகளும் உண்டு. அத்தகைய பள்ளிகளில் உங்களை நேராகத் தனியார் வங்கிக் கடனுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் பள்ளி எந்த வகை என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்.

காவிரிநாடன் எழுதியது:

மருதநிலம் அவர்களுக்கு நன்றி. சகோதரியின் பி.எஸ்சி.யை நான் கருத்தில் கொள்ளாமல் எழுதியது பிழைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மைத்துனி பன்னிரண்டாம் வகுப்போடு திருமணமாகி வந்தவள் என்பதால் அவளுக்குப் பெல் கிடைத்திருக்கிறது. பட்டம் படித்திருந்தால் கிடைத்திருக்காது என்பது இன்றுதான் எனக்கே தெரிகிறது.

இரவுப்பணி எழுதியது:

நான் ஆறு ஆண்டுகளாக நியூஜெர்சியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் எல்.பி.என்.னாகப் பணிபுரிகிறேன், அதற்கு முன் வேறோர் இல்லத்தில் செவிலி உதவியாளராக, அதாவது சி.என்.ஏ.வாக இருந்தேன். தங்கச்சி, உங்கள் கடிதத்தில் அந்தப் பாட்டியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜனவரி வகுப்புக்குள் பணம் திரளாவிட்டால் அதையே பெரிய தோல்வியாக எண்ண வேண்டாம். இடையில் சி.என்.ஏ. பயிற்சி எடுத்துவிடலாம். மத்திய விதிப்படி அதற்குக் குறைந்தது 75 மணி நேரம், மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாகவும் கேட்கும். மெடிகேர், மெடிகெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீடுகளிலிருந்து பணம் பெறும் ஒரு முதியோர் இல்லம் உங்களை வேலைக்கு எடுத்துக்கொண்டால், அந்தப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நீங்களே பணம் கட்டிப் படித்திருந்தாலும், முடித்த பன்னிரண்டு மாதங்களுக்குள் அத்தகைய இல்லத்தில் வேலை கிடைத்தால், செலவைத் திரும்பப் பெற மாநிலம் வழி செய்ய வேண்டும். இந்த விதி இருப்பதே தெரியாமல் கைப்பணத்தைச் செலவழித்து முடித்தவர்களை நான் அறிவேன். சம்பளம் குறைவு, முதுகு வலிக்கும் வேலை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் உண்மையிலேயே இந்தப் பணி உங்களுக்கு ஒத்துவருமா என்பதை 18,000 டாலர் செலவழிப்பதற்கு முன்பே அது காட்டிக்கொடுத்துவிடும்.

வேலையில் சேர்ந்த பிறகு, எல்.பி.என். படிப்புக்கு முதலாளி பணம் தருவாரா என்று கேளுங்கள். இத்தகைய கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை உங்களுக்கு வருமான வரி கிடையாது. என் படிப்புச் செலவில் பாதியை நான் முன்பு வேலை பார்த்த இல்லம்தான் ஏற்றுக்கொண்டது. ஆனால் தேர்ச்சி பெற்ற பின் இரண்டு ஆண்டுகள் அங்கேயே பணிபுரிய வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். பதினான்கு மாதங்கள் முடிந்தபோது என் தந்தைக்கு உடல்நிலை மோசமாகி நான் திருச்சிக்குப் போக வேண்டியதாயிற்று. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது எனக்கு வேலையும் இல்லை, கொடுத்த உதவித்தொகை முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கடிதமும் வந்திருந்தது. நான் உழைத்த பதினான்கு மாதங்களுக்கு ஒரு டாலர்கூடக் கழிக்கவில்லை, ஏனென்றால் கழிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவில்லை. பணிபுரிந்த காலத்துக்கு ஏற்பக் கடன் குறையுமா, குடும்ப அவசர விடுப்பு சேவைக் காலமாகக் கருதப்படுமா, அவர்களே வேலையிலிருந்து நீக்கினால் என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் தாளில் பதில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இணையத்தில் தேடும்போது நர்ஸ் கோர் என்ற மத்திய உதவித்தொகையைப் பற்றியும் படிப்பீர்கள். அது ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற செவிலியர் ஆவதற்கான படிப்புகளுக்கு உரியது, எல்.பி.என். படிப்புக்குக் கிடையாது. அதற்காக நான் இரண்டு வார இறுதிகளை வீணாக்கினேன்.

கட்டணப் பட்டியலில் வராத சில செலவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். நுழைவுத் தேர்வு, உங்கள் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றின் மதிப்பீடு, தடுப்பூசிகள், காவல்துறைச் சரிபார்ப்பு ஆகியவை சேர்வதற்கு முன்பே வந்துவிடும். முடித்த பிறகு என்கிளெக்ஸ்-பி.என். என்ற எல்.பி.என். உரிமத் தேர்வுக்கு 200 டாலரும், அதற்கு மேல் மாநில உரிமக் கட்டணமும் உண்டு. ஒன்-ஸ்டாப் மையத்தில் கேட்கும்போது இவற்றையும் சேர்த்தே கேளுங்கள், தேர்வுக் கட்டணத்தை என் தோழிக்கு அவர்கள்தான் கட்டினார்கள்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. பட்டம் ஒரு தடையாக இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. முதலில் மனம் சோர்ந்தது. மருதநிலம் அவர்களின் பதிலை இரண்டாம் முறை என் கணவரோடு சேர்ந்து படித்த பிறகுதான் தெளிவு வந்தது. நேற்றிரவே ஃபாஃப்சாவை நிரப்பி, பட்டம் இருக்கிறது என்றே குறித்து அனுப்பிவிட்டோம்.

இன்று பள்ளியின் நிதியுதவி அலுவலகத்தில் கேட்டேன். அவர்கள் பெல்லும் நேரடிக் கடனும் இரண்டுமே ஏற்கும் பள்ளிதான். என் மூன்றாண்டுப் பட்டத்தைப் பற்றி மதிப்பீட்டு அறிக்கை வந்த பிறகு எழுத்தில் சொல்வதாகக் கூறினார்கள். ஒன்-ஸ்டாப் மையத்தில் வரும் செவ்வாய்க்கிழமை காலை சந்திப்பு கிடைத்திருக்கிறது.

இரண்டு சந்தேகங்கள் மட்டும். முன்பணத்துக்கான கடைசி நாள் அந்தச் சந்திப்புக்கு நான்கு நாள் கழித்து வருகிறது. அதைக் கட்டிவிட்டால் பயிற்சிப் பணத்துக்கான தகுதி போய்விடுமா? என் கணவரும் அதே மையத்தில் மேகக்கணினிச் சான்றிதழ் பயிற்சிக்குக் கேட்கலாமா, அல்லது ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்குமா?

மருதநிலம் எழுதியது:

மகிழ்ச்சி, சகோதரி. உங்கள் கணவர் தனியாகத் தம் பெயரில் விண்ணப்பிக்கலாம். பணிநீக்கம் செய்யப்பட்டவர் என்பதால் அவருக்குத் தகுதி இன்னும் நேரானது, ஒருவருக்குக் கொடுப்பதால் மற்றவருக்கு இல்லை என்ற விதி சட்டத்தில் இல்லை. இருவரும் ஒன்றாகவே போய்வாருங்கள்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, செவ்வாய்க்கிழமை ஆலோசகரிடம் கேட்காமல் கட்ட வேண்டாம். அதோடு இன்றே பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அரசுப் பயிற்சி உதவிக்கு விண்ணப்பித்திருப்பதால் முன்பணத்துக்கு இரண்டு வார அவகாசம் வேண்டும் என்று கேளுங்கள். இத்தகைய மாணவர்கள் பள்ளிகளுக்குப் புதியவர்கள் அல்லர், அவகாசம் தருவார்கள் என்றே நம்புகிறேன். மறுத்தால், கட்டும் 500 டாலர் எந்த நிலையில் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வரி பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் அதையும் சேர்த்துவிடுகிறேன். நீங்கள் கைப்பணத்திலிருந்தோ கடனிலிருந்தோ கட்டும் கட்டணத்தில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 2,000 டாலர் வரை, வாழ்நாள் கற்றல் வரிக்கழிவாக உங்கள் கூட்டு வரிக்கணக்கில் குறையும். இதற்கும் பழைய பட்டம் தடையில்லை. வியோவா கட்டிய தொகைக்கு இதைக் கேட்க முடியாது. கட்டவேண்டிய வரியைத்தான் இது குறைக்கும், வரியே இல்லாத ஆண்டில் பணமாகத் திரும்பி வராது. எனவே ஜனவரிக் கட்டணத்தை டிசம்பரில் கட்டுவதா ஜனவரியில் கட்டுவதா என்பதைக்கூட, உங்கள் கணவர் இந்த ஆண்டு எத்தனை மாதம் சம்பளம் பெற்றார் என்பதைப் பார்த்து முடிவு செய்யலாம். ஜனவரி முதல் மார்ச் வரை தொடங்கும் வகுப்புக்கு டிசம்பரிலேயே கட்டினாலும், கட்டிய ஆண்டின் கணக்கிலேயே அது சேரும்.

செவ்வாய்க்கிழமை போகும்போது கிரீன் கார்டு, இருவரின் சமூகப் பாதுகாப்பு அட்டைகள், முகவரிச் சான்று, பணிநீக்கக் கடிதம், காப்பீட்டுத் தொகையின் தாள், பள்ளியின் கட்டண விவரம், நேற்று அனுப்பிய ஃபாஃப்சாவின் சுருக்கம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஒன்று குறைந்தாலும் அடுத்த சந்திப்புக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.